போதைநோயாளியை நேசிக்கும் குடும்பத்தினர் 'பியூட்டிஃபுல் பாய்' திரைப்படத்தைப் பார்க்கும் முறை

வீட்டில் ஒருவர் மதுவுக்கோ வேறு போதைப்பொருளுக்கோ அடிமையாகிவிட்டால், மற்ற எல்லோருடைய கண்களும் அவர் மீதே நிலைத்துவிடுகின்றன. எத்தனை மணிக்கு வந்தார், கண் சிவந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பதே தாய்க்கும் மனைவிக்கும் தந்தைக்கும் அன்றாட வேலையாகிப்போகிறது. தமக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதே இல்லை. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'பியூட்டிஃபுல் பாய்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், மகனை அப்படிக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு தந்தையைக் காட்டுகிறது. அதனால்தான் போதைநோயாளியோடு வாழும் குடும்பத்துக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பொழுதுபோக்குக்குப் படம் பார்ப்பதுபோல் உட்கார்ந்தால் இரண்டு மணி நேர அழுகை மட்டுமே மிஞ்சும். யாரோடு பார்ப்பது, எந்தக் காட்சியில் எதைக் கவனிப்பது, எதைப் பின்பற்றக் கூடாது, பார்த்த பிறகு என்ன பேசுவது, யாரை அணுகுவது என்பவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்த்தால் பயன் உண்டு.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வான் குரூனிங்கன் ஆங்கிலத்தில் இயக்கிய முதல் படம் இது. கதை உண்மையில் நடந்தது. டேவிட் ஷெஃப் என்ற பத்திரிகையாளர், மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருளில் சிக்கிய தம் மூத்த மகன் நிக்கைப் பற்றி 2005இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 2008இல் தந்தை தம் அனுபவத்தை ஒரு நூலாகவும், மகன் தம் அனுபவத்தை வேறொரு நூலாகவும் வெளியிட்டார்கள். அந்த இரண்டு நூல்களையும் சேர்த்துத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய எழுத்தாளர் லூக் டேவிஸ், தாமே இளமையில் ஹெராயினுக்கு அடிமையாக இருந்து மீண்டவர். தந்தையாக ஸ்டீவ் கரெலும், மகனாக டிமதி ஷலமேவும், தந்தையின் இரண்டாவது மனைவி கேரனாக மோரா டியர்னியும், நிக்கைப் பெற்ற தாய் விக்கியாக ஏமி ரயனும் நடித்திருக்கிறார்கள். நிக்குக்கு ஜாஸ்பர் என்ற தம்பியும் டெய்சி என்ற தங்கையும் உண்டு. இந்தச் சிறுவர்கள் இருவரையும் மறந்துவிடாதீர்கள். பார்ப்பவர் கண்ணில் எளிதில் தப்பிப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பார்ப்பதற்கு முன்

முதல் முறை பார்க்கும்போது போதைநோயாளி உடன் இருக்க வேண்டாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. படத்தில் போதைப்பொருளைப் பயன்படுத்தும் காட்சிகள் மறைக்கப்படாமல் வருகின்றன. ஊசியையும் தூளையும் அவற்றுக்கான ஆயத்தங்களையும் காண்பதே, போதையை விட்டுச் சில வாரங்களே ஆன ஒருவருக்குள் அடக்க முடியாத வேட்கையைத் தூண்டிவிடக்கூடும். போதை கிடைத்த இடம், உடனிருந்த ஆட்கள், கையாண்ட பொருள்கள் ஆகியவற்றோடு மூளை அந்த இன்பத்தை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது என்பதும், அவற்றைக் கண்ட மாத்திரத்தில் ஆசை கிளம்பும் என்பதும் மருத்துவம் நன்கறிந்த செய்தி. இரண்டாவது காரணம் குடும்பத்தைச் சேர்ந்தது. அவரை அருகில் உட்காரவைத்துப் பார்த்தால், திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "பார், நீ எங்களுக்குச் செய்தது இதுதான்" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது அவருக்கும் தெரியும். எழுந்து போய்விடுவார்.

சண்டை நடந்த இரவிலும், அவர் காணாமல் போயிருக்கும் நாளிலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்திலும் படத்தைத் தொடங்காதீர்கள். ஓரளவு அமைதியான ஒரு நாளில், முடிந்தால் வீட்டின் பெரியவர்கள் இருவராவது சேர்ந்து பாருங்கள். தனியாகப் பார்க்க வேண்டிய நிலை பலருக்கும் இருக்கும். இந்தத் துன்பத்தை உறவினரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அப்படியானால், படம் முடிந்ததும் தொலைபேசியில் பேசுவதற்கு நம்பிக்கையான அக்காவோ தோழியோ ஒருவரை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போதைக்கு ஒருவரைப் பறிகொடுத்த வீடு என்றால், ஒரே அமர்வில் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதியில் நிறுத்தலாம், பார்க்காமலும் விடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ஏற்ற படம் அல்ல.

தந்தையைக் கவனியுங்கள்

டிமதி ஷலமேயின் நடிப்பு கண்ணைப் பிடித்து நிறுத்தக்கூடியது. ஆனாலும் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவர் மகன் அல்ல. படம் தொடங்குவதே, தந்தை ஒரு மருத்துவர் முன் அமர்ந்து, இந்தப் போதைப்பொருள் தம் மகனுக்குள் என்ன செய்கிறது, அவனுக்கு உதவத் தம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பதில்தான். அந்தக் கேள்விகளில் தவறு ஏதும் இல்லை. ஆனால் 'எனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது' என்ற மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. படம் முழுவதும் அந்தக் கேள்வியை நோக்கி அவர் மெல்ல மெல்ல நகர்வதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

அவருடைய நகர்வில் மூன்று கட்டங்களைப் பிரித்தறியலாம். முதற்கட்டத்தில் அவர் ஒரு பத்திரிகையாளராகவே இயங்குகிறார். படிக்கிறார், நிபுணர்களைச் சந்திக்கிறார், மகனுடைய அறையில் கிடைக்கும் நாட்குறிப்பைப் புரட்டுகிறார். போதுமான தகவல் சேர்ந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அது. நம் வீடுகளில் இதே நம்பிக்கை வேறு உருவம் எடுக்கும்: ஜாதகம், பரிகாரம், கோயிலில் கயிறு கட்டுதல், 'கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான்' என்ற முடிவு. இரண்டாம் கட்டம் துரத்தல். மருத்துவமனைகளுக்கு வரிசையாகத் தொலைபேசியில் அழைப்பதும், தெருத்தெருவாகத் தேடி அலைவதும், மகன் அளவு மீறி எடுத்து விழுந்த செய்தி கேட்டு நியூயார்க்குக்கு விமானம் ஏறுவதும் இக்கட்டத்தில் வருகின்றன. தேடுவது அன்பின் வேலைதான். ஆயினும் ஒவ்வொரு முறை அவர் கிளம்பும்போதும் அவருக்குப் பின்னால் வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்தச் சட்டகத்தில் ஜாஸ்பரும் டெய்சியும் இருப்பார்கள். மூன்றாம் கட்டம், முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்வது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

கதை நேர்க்கோட்டில் போகாமல் முன்னும் பின்னுமாகத் தாவுவது சிலருக்குக் குழப்பம் தரும். மகன் காணாமற்போன இரவுக்கு நடுவே அவனுடைய சிறுவயது நாட்கள் வந்து போகின்றன. கடல் அலையில் விளையாடும் சிறுவனும், விமான நிலையத்தில் தந்தையைக் கட்டிக்கொண்டு விடைபெறும் சிறுவனும் வருகிறார்கள். ஒரு பிள்ளை போதையில் விழுந்துவிட்ட பெற்றோரின் மனம் இப்படித்தான் இயங்குகிறது. எங்கே தவறினோம், விவாகரத்துதான் காரணமா, அதிகம் செல்லம் கொடுத்துவிட்டோமா, அதிகம் அடித்துவிட்டோமா, வெளியூரில் விடுதியில் சேர்த்தது பிழையா என்று பழைய நாட்களைத் துழாவிக்கொண்டே இருக்கும். படத்தில் அந்தத் துழாவலுக்கு விடை கிடைப்பதில்லை. நிக் அன்போடு வளர்க்கப்பட்டவன், நன்றாகப் படித்தவன், பல கல்லூரிகளில் இடம் கிடைத்தவன். இந்த விடையின்மையை இயக்குநரின் குறையாகச் சிலர் சொன்னார்கள். என் பார்வையில் அதுவே படத்தின் நேர்மை. மரபுக்கூறு, மன அழுத்தம், நண்பர் வட்டம், பொருள் எளிதில் கிடைப்பது, எந்த வயதில் தொடங்கினார் என்பது என்று பலவும் கலந்து உண்டாகும் நோயை ஒரே ஒரு நாளில் நடந்த ஒரே ஒரு தவறில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அல்-அனான் கூட்டங்களில் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்: இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, இதை நான் கட்டுப்படுத்த முடியாது, இதை நான் குணப்படுத்த முடியாது. தந்தையும் கேரனும் அத்தகைய கூட்டமொன்றுக்குப் போகும் காட்சியில், மகளைப் பறிகொடுத்த ஒரு பெண் எழுந்து, அவள் உயிரோடு இருந்தபோதே தாம் ஆண்டுக்கணக்கில் துக்கம் காத்ததைப் பற்றிப் பேசுவார். அங்கே படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். நம் குடும்பங்களில் இந்தத் துக்கத்துக்குப் பெயரும் இல்லை, சடங்கும் இல்லை, வந்து உட்காரும் உறவும் இல்லை. ஆள் உயிரோடுதானே இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

நிறுத்திப் பார்க்க வேண்டிய இன்னொரு காட்சி கேரனுடையது. வீட்டுக்குள் புகுந்த நிக் தன் தோழியோடு காரில் தப்பிப் போகும்போது, கேரன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வெகுதூரம் துரத்துவார். பிறகு ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுவார். படத்திலேயே மிக உண்மையான நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். பிடித்தால் என்ன செய்வார்? அவரிடம் விடை இல்லை. பெற்ற பிள்ளைக்காகக் கணவர் தன்னையே அழித்துக்கொண்டிருக்க, தன் சிறுபிள்ளைகளைக் காத்துக்கொண்டு, யாரும் தன்னைக் கேட்காத நிலையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குப் படம் கொடுக்கும் இடம் குறைவு. அந்தக் குறையை நீங்கள் பார்க்கும்போது நிறைவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் வீட்டில் கேரன் யார் என்று கேளுங்கள். பல வீடுகளில் அது மருமகளாக இருக்கும். சில வீடுகளில் படிப்பை விட்டு வேலைக்குப் போன மூத்த மகளாக இருக்கும்.

மறுப்பதும் கைவிடுவதும்

படத்தின் பிற்பகுதியில், வீட்டுக்கு வரட்டுமா என்று மகன் தொலைபேசியில் கெஞ்சுகிறான். தந்தை மறுத்துவிடுகிறார். அதற்கு முன்பு ஓர் உணவகத்தில் பணம் கேட்டு வரும் மகனுக்குப் பணம் தராமல், சிகிச்சைக்குத் திரும்பச் சொல்கிறார். இந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, 'வெளியே துரத்தினால்தான் புத்தி வரும்' என்ற முடிவுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அந்த முடிவு ஆபத்தானது. படமே அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுப்புக்குப் பிறகு மகன் திருந்தி வருவதில்லை. அளவு மீறி எடுத்துச் சாவின் வாசலுக்குப் போய்த்தான் மீள்கிறான். மறுத்த தந்தை அதே மகனின் பக்கத்தில், அவனைப் பெற்றவளோடு, மருத்துவமனையில் காத்துக்கிடக்கிறார். மறுப்பு மகனைக் காப்பாற்றியதாக எங்கும் காட்டப்படவில்லை. தந்தையும் கேரனும் இரண்டு சிறுவர்களும் முற்றிலும் அழிந்துபோகாமல் அது காத்தது. அவ்வளவுதான் அதன் பணி.

ஆகவே எதை மறுப்பது, எதை மறுக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரொக்கப் பணத்தை மறுக்கலாம். கடன்காரருக்குத் தவணை கட்டுவதையும், அலுவலகத்துக்கு 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதையும், உடைத்ததை வாங்கி வைப்பதையும், வாந்தியைத் துடைத்துவிட்டுக் காலையில் எதுவும் நடக்காததுபோல் காப்பி கொடுப்பதையும் நிறுத்தலாம். இவை குடியின் விளைவுகளை அவர் கண்ணிலிருந்து மறைக்கும் செயல்கள். சாப்பாடு, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, தெளிவாக இருக்கும்போது பேசுவது ஆகியவற்றை மறுக்காதீர்கள். அடி, உதை, மிரட்டல் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது; பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போவதே முதல் வேலை. பெண்களுக்கான உதவி எண் 181.

வற்புறுத்துவதற்கும் வெளியேற்றுவதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதைப் படம் காட்டுவதில்லை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' என்னும் பயிற்சி, நோயாளிக்குப் பதிலாகக் குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுப்பது. அவர் குடிக்காமல் வீட்டுக்கு வரும் மாலையில் முகம் கொடுத்துப் பேசுவது, பிடித்ததைச் சமைப்பது, உடன் அமர்ந்து சாப்பிடுவது. குடித்து வரும் இரவில் சண்டையும் உபசாரமும் இரண்டுமே இல்லாமல் விலகிப்போவது. அவரே தன் நிலையை நொந்துகொள்ளும் தருணத்தை எதிர்பார்த்திருந்து அப்போது சிகிச்சையைப் பற்றிச் சொல்வது ஆகியவை அதன் சாரம். குடிக்கும் உறவினர் சிகிச்சைக்கு வர மறுத்த குடும்பங்களை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டு 1999இல் வெளியான ஆய்வில், கிராஃப்ட் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டில் நோயாளி சிகிச்சைக்கு வந்தார். உறவினர் கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் இது 30 விழுக்காடாகவும், அல்-அனான் வழியைப் பின்பற்றியவர்களில் 13 விழுக்காடாகவும் இருந்தது. அல்-அனானின் நோக்கம் குடும்பத்தினரைத் தேற்றுவதே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கனிவு வேலை செய்கிறது, ஆனால் எந்த நேரத்தில் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து வேலை செய்கிறது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

தந்தை செய்யும் ஒரு செயலை மட்டும் எந்த விளக்கமும் இல்லாமல் தள்ளிவிடுங்கள். மகனோடு நெருக்கம் கூடும் என்று எண்ணி அவர் அவனோடு சேர்ந்து ஒருமுறை கஞ்சா புகைக்கிறார். 'வெளியில் குடித்துக் கெடுவதற்கு வீட்டிலேயே என் முன்னால் குடிக்கட்டும்' என்று வாங்கிக் கொடுக்கும் தந்தையர் நம்மிடையே இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

படம் சொல்லாதவை

மறுவாழ்வு மையத்தில் தந்தைக்குச் சொல்லப்படும் ஒரு செய்தி, மீண்டும் விழுவதும் மீட்சியின் பகுதிதான் என்பது. அவருக்கு அது ஆத்திரமூட்டுகிறது, உங்களுக்கும் மூட்டலாம். அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பயன்படுத்துவதாகவும், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நோய்களில் சிகிச்சை முறை தவறுவோரின் விகிதத்துக்கு இது நெருக்கமானது என்றும் சொல்கிறது. எனவே 'திரும்ப ஆரம்பித்துவிட்டார்' என்பது சிகிச்சை வீண் என்பதற்குச் சான்று அல்ல. சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சில மாதங்கள் நிறுத்தியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. ஹெராயின் போன்றவற்றைப் பயன்படுத்தியவர், நிறுத்தியிருந்து பழைய அளவையே எடுக்கும்போது மரண ஆபத்து மிகவும் கூடுகிறது. மயங்கிக் கிடப்பவரைப் புரைக்கேறாதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழையுங்கள். 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள்.

நிக் எடுத்த மெத்தம்பெட்டமைனுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இதுவரை இல்லை. அது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளை வெள்ளமாகப் பாய்ச்சுகிறது; நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்கு எதிலும் மகிழ்ச்சி இல்லாத வெறுமை நீடிக்கும். படத்தில் மருந்து மாத்திரைக்குப் பெரிய இடம் இல்லாததைக் கண்டு, எல்லாப் போதைக்கும் மன உறுதியும் கூட்டங்களும்தான் வழி என்று எண்ணிவிட வேண்டாம். ஹெராயின் வகைக்கு பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்ற மருந்துகள் இருக்கின்றன. குடிநோய்க்கும் மருந்துகள் இருக்கின்றன.

நம் வாசகர்களின் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது குடி. அங்கே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கத்தில் தொடங்கி, முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், 2 முதல் 4 நாட்களுக்குள் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலையும் வரக்கூடும். நிறுத்துவதை மருத்துவரின் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரங்களை நம்பி மருந்து வாங்காதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை அறியாமல் உட்கொண்டவர் அதன் மேல் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அளவுக்கு எதிர்விளைவு வரலாம். அது நோயாளியின் ஒப்புதலோடு, அவர் விளைவை நன்கு அறிந்த பிறகே தரப்பட வேண்டிய மருந்து. மனைவிமார் இதைக் கடைசி வழியாக எண்ணிச் செய்கிறார்கள். அவர்களுடைய தவிப்பைப் புரிந்துகொண்டுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஷெஃப் குடும்பத்துக்கு இருந்த வசதி பெரும்பாலோருக்கு இல்லை என்பதும் உண்மை. ஒரு மையம் பயன்படாவிட்டால் அடுத்த மையம் என்று அவர்களால் போக முடிந்தது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இந்தச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதை அறியாமல் நகையை அடகு வைப்பவர்கள் பலர். தனியார் மையத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தில் அது பதிவு பெற்றிருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தினர் நேரில் பார்க்க முடிகிறதா என்று விசாரியுங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

டேவிட் ஷெஃப்புக்கு அந்த ஆண்டுகளில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் உயிர் பிழைத்ததை அவருடைய நூல் சொல்கிறது; படம் அதைத் தொடவில்லை. விட்டுவிட்டது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். உங்களுடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எப்போது பார்க்கப்பட்டன, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதும் இந்தச் சிகிச்சையில் சேரும்.

பார்த்த பின்

அன்றிரவே எந்த முடிவும் எடுக்காதீர்கள். மறுநாள், சேர்ந்து பார்த்த பெரியவர்கள் உட்கார்ந்து, 'நாம் இப்போது தந்தையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்' என்பதில் தொடங்கிப் பேசலாம். தாய் இரண்டாம் கட்டத்திலும் தந்தை மூன்றாம் கட்டத்திலும் இருப்பது மிகவும் வழக்கம். ஒருவர் ஒளித்துப் பணம் கொடுப்பார், மற்றவர் பேச்சை நிறுத்தியிருப்பார். குடும்பத்துக்குள் இருக்கும் அந்தப் பிளவில்தான் போதை இடம் பிடித்துக்கொள்கிறது. எதை மறுப்பது, எதைத் தொடர்வது என்பதில் இருவரும் ஒரே பேச்சாக நிற்கும்வரை வேறெதையும் தொடங்க வேண்டாம்.

அடுத்து வீட்டுப் பிள்ளைகள். படத்தில் நிக், தம்பி சேர்த்து வைத்திருந்த சில டாலர்களைத் திருடிவிடுவான். தொகை சிறியது, அந்தச் சிறுவனுக்கு நேர்ந்தது சிறியதல்ல. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நினைப்பது பெரும்பாலும் தவறு. "அப்பாவுக்குக் குடிநோய் இருக்கிறது. அது உன்னால் வந்ததல்ல. நீ மார்க் குறைவாக வாங்கியதாலும் வரவில்லை. அதைச் சரிசெய்வது பெரியவர்கள் வேலை. உனக்குப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லலாம், பாட்டியிடமும் சொல்லலாம்" என்ற அளவில் சொன்னால் போதும். பிறகு அந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை, போதைநோயாளியைப் பற்றிய பேச்சே இல்லாமல், அவர்களோடு கழியுங்கள்.

போதைநோயாளியிடம் பேசுவதற்கு அவர் தெளிவாக இருக்கும் காலை நேரமே ஏற்றது. படத்தை வைத்து அவரைக் குற்றம் சாட்டாதீர்கள். உங்களைப் பற்றிப் பேசுங்கள். "தம்பி, நான் ஒரு படம் பார்த்தேன். அதில் வரும் அப்பா மாதிரியே நானும் ராத்திரியெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னால் இனி முடியவில்லை. எனக்காக நான் ஒரு ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன். நீயும் வருவதென்றால் சேர்ந்து போகலாம்" என்று ஒரு தாய் சொல்லும்போது, அதில் மறுத்துப் பேசுவதற்கு எதுவும் இல்லை. அவர் சரி என்று சொல்லும் அந்த நிமிடம் நீளாது. மாலைக்குள் மனம் மாறிவிடும். ஆகவே எங்கே போவது, எந்தக் கிழமை, யாரிடம் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். இந்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. சென்னையில், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தினரையும் சேர்த்தே சிகிச்சைக்கு உட்படுத்தும் முறையில் இயங்கிவருகிறது.

அவர் பல மாதங்கள் தெளிவாக இருந்து, தாமே விரும்பிக் கேட்டால், சிகிச்சை தரும் ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் படத்தைச் சேர்ந்து பார்க்கலாம். அப்போது நிறுத்தும் பொத்தான் அவர் கையில் இருக்கட்டும். நிறுத்தினால் ஏன் என்று கேட்க வேண்டாம். நிக் பின்னர் மீண்டு 8 ஆண்டுகள் போதையின்றி இருந்ததைச் சொல்லும் எழுத்துகள் முடிவில் திரையில் வரும்போது அவரே ஏதாவது பேசக்கூடும். அவர் பார்க்கவே மறுத்துவிட்டால் படத்தைப் பற்றிய பேச்சை அதோடு விட்டுவிட்டு, குறித்து வைத்த நாளில் ஆலோசகரிடம் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். நோயாளி வராவிட்டாலும் குடும்பத்தினரோடு அமர்ந்து பேசும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது, அவர் என்ன குடிக்கிறார், எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.